பத்தாயிரம் அடிக்குக் கீழே ஒரு ஆபீஸ்!

போன வருஷம் ஃபிளாட் வாங்கினேன். (வாங்கினேன் என்பது ஒரு மரியாதைக்கு. உண்மையில் வாங்கியது பேங்க். இருபது வருஷம் கழித்து எனக்குத் தரும்.) கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாம் பால்கனியில் நின்று காற்று வாங்கினார்கள். சமையலறை அலமாரிகளைத் திறந்து திறந்து மூடினார்கள். "சதுர அடி என்ன ரேட்டு?" என்று கேட்டு, பதில் சொன்னதும் 'உச்' கொட்டினார்கள். என் தாய்மாமா ஒருத்தர்தான் இது எதிலும் கலந்துகொள்ளாமல், கையில் இருந்த குடையின் நுனியால் ஹால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார்.

டங்... டங்... டங்... பொத்.

"என்ன மாமா?"

"சாக்பீஸ் கீதாடா?"

என் பையனின் டப்பாவிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தேன். ஹால், பெட்ரூம், பூஜை அலமாரிக்குக் கீழே என்று சுற்றி வந்து, மொத்தம் பதினோரு டைல்ஸில் பெருக்கல் குறி போட்டார். "இதுக்கெல்லாம் அடியில கலவை இல்ல. வெறும் காத்து."

பில்டரின் மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். "பெரியவர் சும்மா வெளையாடறாரு சார்" என்றார். நான் விடவில்லை. ஒன்றை நெம்பச் சொன்னேன். கீழே ஒரு எலி குடித்தனம் நடத்தலாம், அவ்வளவு இடம். இரண்டாவது, மூன்றாவது... பதினொன்றும் அப்படியே. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "ஐயா எந்தக் கம்பெனியில இன்ஜினீயரா இருந்தாரு?" என்று கேட்டார்.

மாமா எட்டாங் கிளாஸ். கோலார் தங்கவயலில் 27 வருஷம் வேலை. அதில் 22 வருஷம் டிரில்லர். பூமிக்கு அடியில், பாறைக்கு எதிரே மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்று துளை போடுகிற உத்தியோகம்.

சின்ன வயதில் லீவுக்குப் போனபோதெல்லாம் அவர் 'அண்டர்கிரவுண்டு' போகிறார் என்று மட்டும் தெரியும். என்ன செய்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. டைல்ஸ் விவகாரம் முடிந்த மறு மாசம், இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

* * *

சென்னையிலிருந்து பெங்களூர் போகிற வண்டியில் பங்காரப்பேட்டையில் இறங்கி, கிளை ரயிலைப் பிடிக்க வேண்டும். 1894-ல் போட்ட லைன். கோரமண்டல், ஊர்காம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று ஸ்டேஷன் பெயர்களைக் கேட்டால் பாதி லண்டன், பாதி வேலூர் மாதிரி இருக்கும். ஊரும் அப்படித்தான். மேட்டில் வெள்ளைக்காரன் கட்டிய பங்களாக்கள், கிளப். கீழே வரிசை வரிசையாக 'லைன்' வீடுகள். நடுவில் மலை மாதிரி குவிந்து கிடக்கிற சயனைடு மேடுகள். நூறு வருஷத்துக்கு மேல் பாறையை மாவாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய சக்கை அது. காற்று அடித்தால் வீட்டுக்குள் வந்து சோற்றில் உட்காரும்.

கதைச் சுருக்கம் இதுதான். 1802-ல் ஜான் வாரன் என்கிற லெஃப்டினன்ட் இந்தப் பக்கம் சர்வே செய்ய வந்து, தங்கம் இருப்பதாக எழுதி வைத்தார். 1871-ல் லவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இறங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் ஊரில் நிலமும் இல்லாமல், மரியாதையும் இல்லாமல் இருந்தவர்கள். மேல் வேலைக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து பரம்பரைச் சுரங்கக்காரர்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொடுத்தார்கள். பெங்களூருக்கே அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் கரண்ட். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்த இடம். அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' பத்திரிகை, அவர் காலத்துக்குப் பிறகு இந்த ஊரிலிருந்து வெளிவந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெறும் கூலிக்காரர் ஊர் இல்லை இது.

1956-ல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ். 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடியாயிற்று. அதற்குள் எடுத்த தங்கம் 800 டன்னுக்கு மேல்.

ஹிஸ்டரி பீரியட் முடிந்தது. மாமாவிடம் வருவோம்.

* * *

"கேஜுல ஏறுனா கீழ வுடறான் பாரு... மொத நாளு வயிறு வாய்க்கு வந்துடும். காது அடைச்சிக்கும். எச்சில் முழுங்கிக்கினே போவணும்" என்று ஆரம்பித்தார் மாமா. 1974-ல், இருபது வயதில் சேர்ந்தவர். முதலில் உடைந்த கல்லை வண்டியில் தள்ளுகிற வேலை. அப்புறம் டிரில்லருக்கு ஹெல்பர். ஐந்து வருஷம் கழித்துத்தான் மிஷின் கைக்கு வந்தது.

கேஜ் என்பது இரும்புக் கூண்டு லிஃப்ட். நம்ம ஆபீஸ் லிஃப்டில் நாலாவது மாடிக்குப் போகும்போது நடுவில் நின்றுவிட்டால் அலாரத்தைப் போட்டு அடிக்கிறோம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கிஃபோர்ட் ஷாஃப்டில் ஒரே இழுப்பில் ஆறாயிரம் அடிக்கு மேல் இறங்குவார்கள். அங்கே இறங்கி, சுரங்கத்துக்குள்ளேயே நடந்து, பூமிக்குள்ளேயே இருக்கிற இன்னொரு லிஃப்டில் ஏறி மறுபடி கீழே. கடைசி ஆழம் பத்தாயிரம் அடியைத் தாண்டியது. மூன்று கிலோமீட்டருக்கு மேல். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக ரொம்ப காலம் இருந்தது இது. அண்ணா சாலையில் எல்.ஐ.சி. பில்டிங்கைப் பார்த்து வாயைப் பிளக்கிறோமே... அதை ஐம்பது தடவைக்கு மேல் ஒன்றன் மேல் ஒன்றாகத் தலைகீழாக அடுக்கினால்தான் அடி தட்டும்.

"அங்க கல்லுல கைய வெச்சா வெந்நி அண்டாவத் தொட்ட மாரி இருக்கும்."

மிகை இல்லை. கடைசி மட்டங்களில் பாறையின் இயற்கையான சூடே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலே பெரிய ஆலை வைத்து காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்புவார்கள். அது கடைசி மூலைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போயிருக்கும். உப்புப் போட்ட தண்ணீரைக் குடித்துக்கொண்டே வேலை. (இதை நான் கேட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் ஆபீஸில் ஏ.சி.யை 24-ல் வைப்பதா 26-ல் வைப்பதா என்று அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனுக்கும் எங்களுக்கும் நடக்கிற மூன்று வருஷப் போர் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.)

அந்தச் சூட்டில் டிரில்லருக்கு மட்டும் ஒரு சலுகை. மிஷின் அழுத்தக் காற்றில் ஓடுகிறது. வேலை செய்து முடித்த காற்று விரிந்து வெளியே வரும்போது ஜில்லென்று வரும். "மெஷினோட ஏ.சி. எனக்கு மட்டும். ஹெல்பரு பாவம், பொறாமையில பாப்பான்!"

* * *

துளை போடுவதில் என்ன வித்தை இருக்கிறது? டிரில்லிங் மிஷினை வைத்து அழுத்தினால் போகப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடித்துக் கட்டைவிரலை வீங்க வைத்துக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு என்பதால், கேள்வியைக் கொஞ்சம் பணிவாகவே கேட்டேன்.

மாமா பதில் சொல்லவில்லை. எழுந்து போய், வாசலில் துணி காயப் போடும் கம்பிக்கு முட்டுக் கொடுத்திருந்த ஓர் இரும்புத் தடியைக் கொண்டு வந்தார். ஆறடி. பழைய டிரில் கம்பி. நடுவில் கடைசி வரைக்கும் சின்ன ஓட்டை.

"ஊது."

ஊதினேன். அந்தப் பக்கம் காற்று வந்தது.

"இந்த ஓட்டைதான் என் உயிரு. இது இல்லாத காலத்துல எங்கப்பா டிரில்லு புடிச்சாரு."

என் தாத்தா. நான் பார்த்ததில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இருமி இருமியே போனவர் என்று அம்மா சொல்வாள். என்ன நோய் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

மற்றவர்களுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். தங்கப் பாறை என்பது குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. உலர்ந்த பாறையில் டிரில் ஓடினால் கண்ணுக்குத் தெரியாத பொடி பறக்கும். நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது. அந்த இடம் தழும்பாகிக் கல்லாகிவிடும். சிலிக்கோசிஸ். இந்தியாவில் இந்த நோயை முறையாகப் பதிவு செய்ததே கோலாரில்தான். 1940-களில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் நூற்றுக்கு 43.7 பேருக்கு இருந்தது. 1947-ல் அறிக்கை வந்தது. அமெரிக்காவில் பழைய டிரில் மிஷினுக்கு 'விதவையாக்கி' என்றே பட்டப்பெயர்.

மருந்து கிடையாது. தடுப்பு மட்டும் உண்டு. அது வெறும் தண்ணீர். கம்பியின் நடு ஓட்டை வழியாகத் தண்ணீர் நுனிக்குப் போய், பொடியைச் சேறாக்கித் துளை வழியே வெளியே தள்ளிவிடும். "தண்ணி வராம ஒரு அடி கூடப் போடக் கூடாது. வேலை சீக்கிரமா ஆவுதுன்னு செல பேரு உலர்ந்தாப்புல ஆரம்பிப்பான். துளை ஆரம்பிக்கறப்ப தண்ணி தெறிச்சி கண்ணுல அடிக்கும், அது பேஜாரு. நான் வுட மாட்டேன். எங்கப்பன் இருமுனது எனக்குக் கேக்கும்."

மாமாவின் நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். போனது காதுதான். டிரில்லின் சத்தம் 110 டெசிபலைத் தாண்டும். ஒரு நிமிஷத்தில் இரண்டாயிரம் தடவைக்கு மேல் இரும்பு இரும்பை அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் கம்பி கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். நாள் பூராவும் அந்த அதிர்வு கை வழியே ஏறும்.

"அந்த மிஷினோட குடும்பம் நடத்திட்டு வந்தவரு. நான் கூப்பிட்டா எங்க கேக்கும்?" என்று உள்ளிருந்து அத்தை குரல் கொடுத்தார்.

"காபியா? வேணாம்" என்றார் மாமா.

* * *

இப்போது வித்தை.

உங்கள் முன்னால் ஏழடிக்கு ஏழடி பாறைச் சுவர். 'முகம்' என்பார்கள். அதில் ஏறக்குறைய முப்பது துளை. ஒவ்வொன்றும் ஐந்தாறு அடி ஆழம். எல்லாவற்றிலும் மருந்து வைத்து வெடித்தால் சுவர் ஐந்தடி பின்னால் போக வேண்டும். இவ்வளவுதான் கேள்வித்தாள். ஆனால், முப்பதையும் ஒரே சமயத்தில் வெடித்தால் ஒன்றும் நடக்காது! பாறை நாலு பக்கமும் பாறையால் இறுக்கப்பட்டிருக்கிறது. உடைந்தாலும் நகர இடம் இல்லை.

நெரிசலான டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பவன் எவ்வளவு முண்டினாலும் இறங்க முடியாது. படிக்கட்டில் தொங்குகிறவன் முதலில் குதித்தால்தான் அடுத்தவனுக்கு வழி. பாறைக்கும் படிக்கட்டு வைக்க வேண்டும். சுவரின் நடுவில் நெருக்கமாகச் சில துளைகள். அதில் ஒன்றிரண்டில் மருந்தே வைக்காமல் காலியாக விடுவார்கள். பக்கத்துத் துளை வெடித்ததும் கல் அந்தக் காலி இடத்துக்குள் நொறுங்கி வெளியே பாயும். நடுவில் ஒரு பள்ளம். அரை விநாடி, கால் விநாடி இடைவெளியில் அதைச் சுற்றியுள்ள துளைகள், அப்புறம் ஓரம், அப்புறம் கூரை, கடைசியில் தரையோரத் துளைகள். கடைசியாக வெடிப்பது மொத்தக் குவியலையும் தூக்கிப் போடும்.

"நடுவுல இருக்கற துளைங்க ஒண்ணுக்கொண்ணு ரயில் தண்டவாளம் மாரி போவணும். ஆறடி உள்ள போறதுக்குள்ள ரெண்டு துளை சாஞ்சி ஒண்ணையொண்ணு முட்டிக்கிச்சி, இல்ல வெலகிப் போச்சின்னா, அவ்ளோதான். நடு ஒடையாது. நடு ஒடையலன்னா முப்பதும் வேஸ்ட்டு. மருந்தும் வேஸ்ட்டு. அன்னிக்கி போனஸும் வேஸ்ட்டு."

துளைக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஸ்கேல் கிடையாது. போட்ட முதல் துளையில் ஒரு கம்பியைச் செருகிவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து அடுத்ததைப் போடுவார்கள். தலையில் கட்டியிருக்கிற லைட் ஒன்றுதான் வெளிச்சம். மிஷினும் அதற்கு முட்டுக் கொடுக்கிற காற்றுக் காலும் சேர்ந்து முப்பது கிலோவுக்கு மேல். ஈரப் பாறை. கால் சறுக்கும்.

ஆரம்பிப்பதுதான் கஷ்டம் என்கிறார் மாமா. சுவர் சமமாக இருக்காது. நுனி வழுக்கிக்கொண்டு ஓடும். காற்றைக் கால்வாசி மட்டும் திறந்து, ஹெல்பர் கம்பியைப் பிடித்துக்கொள்ள, பாறையில் முதலில் ஒரு குழி விழ வைக்க வேண்டும். முதலில் இரண்டடிக் கம்பி. அப்புறம் நாலடி. அப்புறம் ஆறடி. நீளம் கூடக் கூட நுனி ஒரு நூல் சின்னதாகும். இல்லாவிட்டால் முதல் கம்பி தேய்ந்து போட்ட துளைக்குள் அடுத்தது நுழையாது. இப்படி ஒரு சமாச்சாரம் இருப்பதே, சொன்ன பிறகுதான் புத்திக்கு எட்டியது.

ஹெல்பராக இருந்த நாளில் நடந்ததுதான், மாமாவின் இடது கையில் இரண்டு விரல் நுனி இல்லாதது. "கை காய்ச்சிப் போவுதுன்னு சந்தையில பருத்தி கிளவுஸ் வாங்கிப் போட்டுகினேன். ஸ்டைலு! சுத்தற கம்பியை வெறுங் கையில புடிச்சா வழுக்கி வுட்டுடும். துணி வுடாது. இழுத்துக்கிச்சி. யாரையும் சொல்லிக் குத்தமில்ல. எந்த டிரில்லரும் அப்பிடி ஒரு கிளவுஸ் போட்டு நான் பாத்ததில்ல. ஏன் போடலன்னு நான் கேக்கல."

துளை உள்ளே போகப் போக, பாறை தன் கதையைச் சொல்ல ஆரம்பிக்கும். வெளியே வழிகிற சேறு கறுப்பாக இருந்தால் சுற்றுப் பாறை. சாம்பலாகி, பால் மாதிரி வெளுத்தால் குவார்ட்ஸ். தங்க ரேகைக்குள் போய்விட்டீர்கள். கோலாரின் ரேகை நின்றவாக்கில் இறங்குவது. பல இடத்தில் அகலம் மூன்று, நாலு அடிதான். ரேகையை விட்டு விலகினால் வெறுங் கல்லை மேலே அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். ஜியாலஜிஸ்ட் வந்து மேப்பைப் பார்ப்பதற்கு முன் டிரில்லர் தண்ணீரைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

சத்தம் இன்னொரு பாஷை. கெட்டிப் பாறையில் கணீரென்று ஓடுகிற மிஷின், விரிசல் வந்தால் மொத்தையாக முனகும். அப்போதே காற்றைக் குறைக்காவிட்டால் கம்பி மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் புதுசாக வந்தவன் முழு பலத்தோடு இழுப்பான். இழுக்க இழுக்க இறுகும். "பொம்பளப் புள்ள தலை சீவறப்ப சிக்கு எடுக்கல? இழுப்பாளா? கொஞ்சம் முன்னால, கொஞ்சம் பின்னால. தண்ணி வுட்டு, சுத்த வுட்டு, கெஞ்சி எடுக்கணும்."

இத்தனை பாடுபட்டு வருவதில் தங்கம் எவ்வளவு? ஆரம்பக் காலத்தில் டன் கல்லுக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்ததாம். கடைசிக் காலத்தில் மூன்று, நாலு கிராம். உங்கள் வீட்டில் ஒரு சவரன் மோதிரம் இருந்தால், அதற்குப் பின்னால் இரண்டு டன் கல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை உடைக்க யாரோ எங்கேயோ துளை போட்டிருக்கிறார்.

மாமாவின் வீட்டில் தங்கம் இருக்கிறதா என்று கேட்டேன். அத்தை காதைக் காட்டினார். கவரிங்.

* * *

துளை போடுவதற்கு முன்னால் தட்டுவது இருக்கிறதே, அதுதான் உயிர் விஷயம். முந்தின ஷிஃப்டின் கடைசியில் வெடி வைத்திருப்பார்கள். அடுத்த ஷிஃப்ட் போகும்போது கூரையில் அரைகுறையாக உடைந்த கற்கள் தொங்கிக்கொண்டிருக்கும். கடப்பாரையால் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதே கணக்கு. 'டங்' என்றால் கெட்டி. 'பொத்' என்றால் பின்னால் விரிசல். நெம்பித் தள்ளிவிட்டுத்தான் அடுத்த வேலை. சந்தேகமாக இருந்தால் ஒரு கையால் தட்டி, மறு கையின் விரலைப் பாறையில் வைத்துப் பார்ப்பார்கள். காதுக்குக் கேட்காத அதிர்வு விரலுக்குத் தெரியும். (என் பதினோரு டைல்ஸ் எப்படி மாட்டின என்று இப்போது புரிகிறதா? காது மந்தமானவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்ற என் சந்தேகமும் இங்கேதான் தீர்ந்தது. குடைக் காம்பு வழியாகக் கை கேட்டிருக்கிறது.)

முகத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, வெடிக்காமல் மிஞ்சிய மருந்து இருக்கிறதா என்று தேட வேண்டும். முந்தின வெடியில் மிஞ்சிய அடிக்குழிகள் அங்கங்கே இருக்கும். ஏற்கெனவே துளை, ஆரம்பிக்கச் சுலபம், வழுக்காது. அதில்தான் எமன் உட்கார்ந்திருப்பான். அடியில் துளி மருந்து தங்கியிருந்து, மேலே டிரில் நுனி இடித்தால்... பழைய குழியில் துளை போடக் கூடாது என்பது சட்டமே. "சோம்பேறிக்கு வெச்ச பொறி" என்கிறார் மாமா.

இதையெல்லாம் மீறி ஒன்று இருக்கிறது. கோலாரின் பெயரை உலகச் சுரங்கப் புத்தகங்களில் ஏற்றிய சமாசாரம். ராக் பர்ஸ்ட்.

பத்தாயிரம் அடியில் ஒவ்வொரு சதுர அடிக்கும் மேலே இருக்கிற பாறையின் எடை எழுநூறு, எண்ணூறு டன். நடுவில் கல்லைத் தோண்டி எடுத்துவிட்டால் அந்தச் சுமை பக்கத்துப் பாறைமேல் ஏறும். தாங்கும்... தாங்கும்... ஒரு நொடியில் வெடித்துவிடும். மருந்து வேண்டாம், திரி வேண்டாம். மேலே ஊரில் பாத்திரம் உருளும், தரை அதிரும். இந்த அதிர்ச்சிகளைக் குறித்துவைக்க 1912-லேயே இங்கே நிலநடுக்கமானி வைத்தார்கள். சுரங்கத்துக்குள் கருங்கல்லால் சுவர் கட்டி முட்டுக் கொடுத்தார்கள். 1988-ல் பாறை இயக்கவியலுக்கென்று தேசிய நிறுவனத்தையே இங்கே ஆரம்பித்தார்கள்.

"அது வர்றதுக்கு முன்னாடி சத்தம் வருமா மாமா?"

"செல தபா வரும். வறுகடலை பொரியற மாரி. கல்லு பேசுதும்போம்."

ஒரு தடவை பேசியது. எந்த மைன், எந்த வருஷம் என்று எழுத வேண்டாம் என்றார். துளை போட ஆரம்பித்துப் பத்து நிமிஷம். மிஷினை நிறுத்திக் கம்பி மாற்றும்போது பொரிகிற சத்தம். மாமா ஹெல்பரை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மேலாள் வந்து கத்தினார். மாமா அசையவில்லை. "நீங்க மொதல்ல போயி நில்லுங்க, நான் பின்னால வர்றேன்" என்றிருக்கிறார். ஷிஃப்ட் போயிற்று. அடிக் கணக்கு போனஸ் போயிற்று, ஹெல்பருக்கும் சேர்த்து.

"அப்புறம்? விழுந்துச்சா?"

"விழல."

"மறுநாள்?"

"மறுநாளும் விழல. அடுத்த வாரமும் விழல. மூணு மாசம் எனக்கு 'ஜோசியரு'ன்னே பேரு வெச்சி ஓட்டினானுங்க. ஹெல்பரு பொண்டாட்டி வீட்டுக்கே வந்து சண்ட போட்டுச்சி. அந்தக் கல்லு இன்னும் அங்கியேதான் கீது, தண்ணிக்குள்ள."

நான் சிரித்தேன். மாமாவும் சிரித்தார். பிறகு, "என் செட்டுல ஒருத்தன் இருந்தான். என்னவிட நல்ல காது. கல்லைத் தொட்டே சொல்லுவான். அவனுக்கு ஒண்ணும் பேசல. சொல்லாமலே வந்துச்சி" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வாசலில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

* * *

சாயங்காலம் மாமாவோடு நடந்தேன். மூடிக் கிடக்கிற ஷாஃப்ட் கோபுரங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. பம்புகள் நின்றபின் ஊறிய தண்ணீர் உள்ளே நிறைந்து கிடக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுரங்கப் பாதைகள், தண்ணீருக்கடியில். "தோ, இந்த எடத்துக்கு நேர் கீழ ஜப்பான்காரன்லாம் வந்து ஒக்காந்திருந்தான்" என்று காலால் தரையைத் தட்டிக் காட்டினார். நிஜம்தான். விண்ணிலிருந்து வருகிற மற்ற துகள்கள் எல்லாம் வடிகட்டப்பட வேண்டும் என்றால் தலைக்கு மேல் கிலோமீட்டர் கணக்கில் பாறை வேண்டும். அதனால் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் இங்கே சுமார் 7,500 அடி ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை 1965-ல் உலகிலேயே முதன்முதலில் பதிவு செய்த இரண்டு இடங்களில் இது ஒன்று. இன்னொன்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம். அந்தக் குகையையும் யாரோ ஒரு டிரில்லர்தான் துளை போட்டுத் திறந்திருக்க வேண்டும்.

இன்று பெரிய சுரங்கங்களில் இந்த வேலையை 'ஜம்போ' என்கிற ராட்சத வண்டி செய்கிறது. இரண்டு மூன்று இரும்புக் கைகள். ஆபரேட்டர் உட்கார்ந்து லீவரை அசைத்தால் போதும். ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி தங்கச் சுரங்கத்துக்கும் ஜம்போக்கள் வந்துவிட்டன. மாமாவுக்கு அதில் வருத்தம் இல்லை. "நல்லதுதான். காது மிஞ்சும்" என்கிறார். ஆனால், 2023 நவம்பரில் உத்தரகாண்ட் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 41 பேர் 17 நாள் மாட்டிக்கொண்டிருந்தார்களே, அப்போது டி.வி. முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லையாம். அமெரிக்க மிஷின் கடைசி சில மீட்டரில் இரும்பில் சிக்கி உடைந்ததும், இடிபாட்டைக் கையால் தோண்டிப் பழகிய ஆட்கள் குழாய்க்குள் தவழ்ந்து போய் வழியைத் திறந்தார்கள். "சிக்கிக்கிச்சின்னு காட்டினான் பாரு, நான் இங்கேந்து கத்தினேன்... இழுக்காதடா, திருப்புடான்னு!"

'கே.ஜி.எஃப்' சினிமா பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம். நல்லா இருந்ததாம். "ஆனா அதுல ஒருத்தன் கூட கல்லத் தட்டிப் பாக்கல."

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பேப்பரைக் காட்டினேன். சுரங்கத்தை மறுபடி திறப்பது பற்றி எத்தனையோ வருஷமாகப் பேச்சு. 2013-ல் சுப்ரீம் கோர்ட் டெண்டருக்கு வழிவிட்டது. 2024-ல் சயனைடு மேடுகளை மறுபடி அலசித் தங்கம் எடுக்க கர்நாடக அரசு சம்மதித்தது. கீழே இறங்குவது பற்றி மட்டும் இன்னும் பேச்சாகவே இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்பி வருகிறார்கள். மாமா பையனும் அப்படித்தான்; அப்பாவும் பிள்ளையும் வெயிலைப் பார்க்காமலே சம்பாதித்தவர்கள் என்பார் அத்தை.

"திறந்தா, போவீங்களா மாமா?"

எழுபது தாண்டிய மனிதர் கொஞ்ச நேரம் யோசித்தார். விரலில்லாத கையால் திண்ணையை ஒரு தட்டு தட்டினார்.

"தண்ணிய எறைக்கவே எத்தினி வருசம் ஆவும்... மரக் கட்டையெல்லாம் உளுத்திருக்கும். மொதல்ல கூரை பூரா தட்டணும். மொதல் லெவல்லேந்து ஒவ்வொண்ணா தட்டிக்கினே எறங்கணும். இப்ப இருக்கற பசங்களுக்கு யாரு சொல்லித் தருவா?"

"இவரு இன்னும் கேஜுலதான் கீறாரு. மாத்திரை போட்டாரான்னு கேளு" என்றார் உள்ளேயிருந்து அத்தை.

"இல்ல, இல்ல, கம்பி பழசு ஆவாது. ஹெல்பருதான் வேணும்" என்றார் மாமா.